வெற்று உறையும் தொங்கும் பொம்மையும்: கைத்துப்பாக்கிச் சட்டங்களுக்கு எதிரான அடையாளப் போராட்டம், ஓர் எளிய விளக்கம்

2016 ஆகஸ்ட் 24. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இலையுதிர்ப் பருவத்தின் முதல் வகுப்பு நாள். நூற்றுக்கணக்கான மாணவர்கள் முதுகுப்பையின் பட்டையில் ரப்பராலும் சிலிக்கோனாலும் ஆன ஆண்குறி வடிவப் பொம்மைகளை, அதாவது டில்டோக்களை, பிளாஸ்டிக் ஜிப் டை போட்டுக் கட்டித் தொங்கவிட்டபடி வகுப்புக்குப் போனார்கள். போராட்டத்தின் பெயர் 'காக்ஸ் நாட் கிளாக்ஸ்'. கிளாக் என்பது ஆஸ்திரிய நிறுவனம் ஒன்றின் கைத்துப்பாக்கி. காக் என்றால் சேவல். பேச்சு வழக்கில் ஆண்குறியைக் குறிக்கும் கொச்சைச் சொல்லும் அதுவே. 'கிளாக் வேண்டாம், இது போதும்' என்பதுதான் அந்த எதுகையின் பொருள்.

முதல் பார்வைக்கு இது கல்லூரிப் பிள்ளைகளின் விளையாட்டாகத் தெரியும். சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் எவ்வளவு கணக்காக யோசித்திருக்கிறார்கள் என்பது புரியும். டெக்சஸ் குற்றவியல் சட்டத்தின் 43.22-ஆம் பிரிவு, பிறர் முகம் சுளிக்கக்கூடிய இடத்தில் ஆபாசப் பொருளைக் காட்சிப்படுத்துவதைக் குற்றம் என்கிறது. அபராதம் 500 டாலர் வரை. அதே மாநிலம், அதே ஆகஸ்ட் மாதத்திலிருந்து, லைசென்ஸ் வைத்திருப்பவர் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியோடு வகுப்பறையில் உட்காரலாம் என்று அனுமதித்தது. பொம்மையைத் தொங்கவிட்டால் குற்றம், துப்பாக்கியை மறைத்து வைத்தால் உரிமை. இந்த இரண்டையும் ஒரே பையில், ஒரே பார்வையில் படும்படி வைத்ததுதான் போராட்டத்தின் மொத்த வாதமும்.

நம் வழக்கில் 'அடையாள உண்ணாவிரதம்', 'அடையாள வேலைநிறுத்தம்' என்றால் முழுப் போராட்டத்துக்கு முன்னால் ஒருநாள் நடத்திக் காட்டுவது என்று பொருள். இந்தக் கட்டுரையில் பேசப்படும் அடையாளப் போராட்டம் வேறு. ஒரு பொருள், ஒரு உடல்நிலை, ஒரு எண் அல்லது ஒரு மௌனம் வாதத்தையே சுமந்து நிற்கும். பேச்சு அதற்குத் துணைதான். துப்பாக்கி விஷயத்தில் இந்த வகைப் போராட்டம் அமெரிக்காவில் இரு தரப்பிலும் நடந்திருக்கிறது. துப்பாக்கியை அனுமதிக்கும் சட்டத்தை எதிர்ப்பவர்களும், தடுக்கும் சட்டத்தை எதிர்ப்பவர்களும் ஒருவர் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் சட்டச் சொற்கள்

'கேரி' என்றால் வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கியை உடன் வைத்துக்கொண்டு நடமாடுவது. துப்பாக்கியை வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாம் தனிக் கணக்கு. கேரியில் நான்கு வகைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். சட்டைக்கு அடியிலோ பைக்குள்ளோ மறைத்து வைத்துச் செல்வது ஒன்று. இடுப்பு உறையில் ஊரே பார்க்கும்படி மாட்டிக்கொண்டு செல்வது இன்னொன்று. லைசென்ஸே தேவையில்லை என்று மாநிலம் விட்டுவிட்டால் அது லைசென்ஸ் இல்லாக் கேரி. 2024 நிலவரப்படி 29 மாநிலங்கள் இந்த நிலைக்கு வந்துவிட்டன. நான்காவது கேம்பஸ் கேரி, அதாவது கல்லூரி வளாகத்துக்குள் கொண்டுசெல்லும் அனுமதி.

இவற்றுக்கு மேலே உச்சநீதிமன்றம். 2022 ஜூன் 23 அன்று வந்த புரூயன் தீர்ப்பு, பொது இடத்தில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதும் அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் தரும் உரிமைதான் என்று 6-க்கு 3 என்ற கணக்கில் சொன்னது. 'எனக்குத் தனிப்பட்ட ஆபத்து இருக்கிறது' என்று நிரூபித்தால்தான் லைசென்ஸ் என்ற நியூயார்க் மாநிலத்தின் விதி அதோடு போயிற்று.

டெக்சஸ் என்றாலே துப்பாக்கி என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: அந்த மாநிலத்தில் 1871 முதல் கைத்துப்பாக்கியோடு வெளியே நடமாடுவதற்குத் தடை இருந்தது. 1991 அக்டோபரில் கில்லீன் நகரத்தின் லூபீஸ் உணவகத்தில் ஒருவன் சுட்டதில் 23 பேர் இறந்தார்கள். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த சுசானா ஹப், சட்டத்துக்குப் பயந்து தன் ரிவால்வரைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அவருடைய தாயும் தந்தையும் அங்கே கொல்லப்பட்டார்கள். பிறகு அவர் மாநிலச் சட்டமன்றத்துக்கே போனார். மறைத்து வைத்துச் செல்ல லைசென்ஸ் தரும் சட்டம் 1995-ல் வந்ததற்கு அவருடைய சாட்சியம் ஒரு பெரிய காரணம். துப்பாக்கி உரிமை கேட்பவர்களின் அடையாளங்களைப் புரிந்துகொள்ள இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் காட்டும் வெற்று உறை, அதாவது துப்பாக்கி இல்லாத இடுப்பு உறை, காரில் விட்டுவந்த அந்த ரிவால்வரைத்தான் நினைவூட்டுகிறது.

ஒரே படுகொலை, இரண்டு அடையாளங்கள்

2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் கையில் இருந்தவற்றில் ஒன்று கிளாக் 19. இறந்த 32 பேரில் ஒருவர் நீரியல் பேராசிரியர் ஜி.வி.லோகநாதன், ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையம் பக்கம் கரட்டடிபாளையத்தில் பிறந்தவர். நாரிஸ் ஹால் கட்டடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார்.

அந்தக் கொலைகளிலிருந்து நேர் எதிரான இரண்டு போராட்ட வடிவங்கள் கிளம்பின.

முதலாவது படுத்துக் கிடக்கும் போராட்டம். வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவைச் சேர்ந்த அபி ஸ்பாங்லர் அதே மாதத்தில் தொடங்கினார். 32 பேர் பொது இடத்தில் தரையில் படுக்க வேண்டும். மூன்று நிமிடம் அசையக் கூடாது. பிறகு எழுந்து போய்விட வேண்டும். 32 என்பது இறந்தவர்களின் எண்ணிக்கை. மூன்று நிமிடம் என்பது துப்பாக்கி வாங்க எவ்வளவு குறைந்த நேரம் ஆகிறது என்பதைக் காட்ட. கொலைகாரனை மனநலச் சிகிச்சைக்குப் போகும்படி நீதிமன்றம் 2005-லேயே உத்தரவிட்டிருந்தது; துப்பாக்கி வாங்க வருபவரைப் பற்றிக் கடைக்காரர் சரிபார்க்கும் பின்னணிச் சோதனைப் பட்டியலுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. அதனால்தான் கடையில் அவனுக்குத் துப்பாக்கி சுலபமாகக் கிடைத்தது.

இரண்டாவது வெற்று உறைப் போராட்டம். வளாகத்தில் துப்பாக்கிக்கு அனுமதி கேட்கும் மாணவர் அமைப்பு ஒன்று 2007 அக்டோபரில் நடத்தியது. காலியான ஹோல்ஸ்டரை இடுப்பில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போவது, அவ்வளவுதான். 'என் லைசென்ஸ் வளாக வாசல் வரைக்கும்தான் செல்லும், உள்ளே வந்தால் நான் நிராயுதபாணி' என்பது அதன் பொருள். வர்ஜீனியாவில் வளாகக் கேரியை அனுமதிக்கும் மசோதா ஒன்று 2006-ல் குழு நிலையிலேயே செத்துப்போயிருந்தது. அதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

எது சரியான நிலைப்பாடு என்று கேட்டால், இந்தக் கட்டுரையை எழுதுகிறவர்கள் வகுப்பறைக்குள் துப்பாக்கி வேண்டாம் என்ற பக்கம் நிற்பவர்கள்தான். ஆனால் வடிவம் என்று வந்தால் வெற்று உறை மிக நேர்த்தியான அடையாளம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். செலவு ஒரு பெல்ட்டும் ஒரு உறையும். சட்டத்தில் கைவைக்க ஒன்றும் இல்லை. கேள்வி கேட்பவரிடம் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்.

இங்கேதான் இந்தப் போராட்டங்களின் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. மறைத்து வைத்துச் செல்லும் சட்டம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றியது. பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் பைக்குள் துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது; தெரியக் கூடாது என்பதே விதி. ஊர்வலம் போய்க் காட்டுவதற்கு அணையோ ஆலையோ இல்லை. எனவே எல்லா அடையாளங்களும் ஒரே கேள்விக்கான பதில்கள்: தெரியாததை எப்படித் தெரிய வைப்பது? வெற்று உறை, இல்லாததைக் காட்டுகிறது. தரையில் படுத்த உடல், நாளை இல்லாமல் போகக்கூடியவரைக் காட்டுகிறது. பையில் தொங்கும் பொம்மை, பைக்குள் இருப்பதை வெளியே எடுத்துப் போடுகிறது.

ஆஸ்டின் போராட்டம் எப்படி உருவானது

எஸ்.பி. 11 என்ற கேம்பஸ் கேரிச் சட்டத்தில் ஆளுநர் கிரெக் அபாட் 2015 ஜூன் 13 அன்று கையெழுத்திட்டார். இடம் ஃப்ளூகர்வில் நகரத்தின் ஒரு துப்பாக்கிப் பயிற்சிக் கூடம். அரசுப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று விதிகள் வகுத்துக்கொள்ளலாம், முழுமையாகத் தடுக்க முடியாது. தனியார் பல்கலைக்கழகங்கள் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். ஏறக்குறைய எல்லாமே ஒதுங்கின. அன்று லைசென்ஸ் பெற 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்று இருந்தது, ராணுவத்தினருக்கு மட்டும் 18. ஆகவே இளங்கலை மாணவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது லைசென்ஸ் கிடைத்திருக்காது. வளாகத்தில் துப்பாக்கி வெளியே தெரியக் கூடாது.

அமலுக்கு வந்த நாள் 2016 ஆகஸ்ட் 1. சரியாக 50 ஆண்டுகளுக்கு முன், 1966 ஆகஸ்ட் 1 அன்று, அதே வளாகத்தின் மணிக்கூண்டுக் கோபுரத்தின் மேல் ஏறிநின்று சார்லஸ் விட்மன் கீழே போவோர் வருவோரைச் சுட்டான். 50-ஆம் ஆண்டு நினைவாக அன்று கோபுரக் கடிகாரத்தை 11:48-ல் நிறுத்தி வைத்தார்கள். அந்த நேரத்தில்தான் சுடத் தொடங்கினான். சட்டம் வளாகத்துக்குள் நுழைந்த நாளும் கடிகாரம் நின்ற நாளும் ஒன்றே. எந்த அமைப்பாளரும் திட்டமிட்டு உருவாக்க முடியாத பின்னணி அது.

பல்கலைக்கழக அமைப்பின் தலைவராக இருந்த ஓய்வுபெற்ற கடற்படை அட்மிரல் வில்லியம் மெக்ரேவன் சட்டத்தை எதிர்த்தார். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் தன் வகுப்பில் துப்பாக்கியை அனுமதிக்க மாட்டேன் என்றார். மூன்று பேராசிரியர்கள் வழக்குப் போட்டார்கள். 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. இவையெல்லாம் செய்தித்தாளின் உள்பக்கங்களில் வந்தன. பொம்மை முதல் பக்கத்துக்கு வந்தது.

அந்த யோசனையைக் கிளப்பியவர் அதே பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவி ஜெசிகா ஜின். 2015 அக்டோபர் 1 அன்று ஓரிகன் மாநிலத்தின் அம்ப்குவா கல்லூரியில் நடந்த கொலைகளைக் கேட்ட கோபத்தில், ஃபேஸ்புக்கில் ஒரு நிகழ்வுப் பக்கம் திறந்தார். பத்து மாதங்களுக்குப் பிறகு நடக்கவேண்டிய போராட்டத்துக்கு அப்போதே நாள் குறித்தாயிற்று. அந்த இடைவெளிதான் போராட்டத்தைக் காப்பாற்றியது. பொம்மைக் கடைக்காரர்களும் தயாரிப்பாளர்களும் நன்கொடையாக அனுப்ப நேரம் கிடைத்தது. 4,000-க்கும் மேல் சேர்ந்தன. முந்தின நாளே வளாகத்தில் விநியோகம் நடந்தது. மாணவர்களே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்றிருந்தால் நாற்பது பேர் வந்திருந்தாலே அதிகம்.

சட்டம் எந்த அளவுக்குப் பாதுகாக்கும்

அமெரிக்க நீதிமன்றங்கள் அடையாளச் செயலையும் 'பேச்சு' என்று ஏற்கின்றன. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்கு வந்த மாணவர்கள் பக்கம் 1969-ல் உச்சநீதிமன்றம் நின்றது. டிங்கர் வழக்கு என்பார்கள். 1974-ல் ஸ்பென்ஸ் வழக்கு இன்னும் தெளிவாகச் சொன்னது. சியாட்டிலில் ஒரு மாணவர் தேசியக் கொடியைத் தலைகீழாகத் தன் ஜன்னலில் தொங்கவிட்டு, அதன்மேல் கறுப்பு டேப்பால் சமாதானச் சின்னம் ஒட்டியிருந்தார். உரித்தால் வந்துவிடும் டேப்தான். நீதிமன்றம் இரண்டு கேள்விகள் கேட்டது: குறிப்பிட்ட ஒரு செய்தியைச் சொல்லும் நோக்கம் இருந்ததா? பார்ப்பவர்கள் அதைப் புரிந்துகொள்ள வாய்ப்பு இருந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது பேச்சு.

அமைப்பாளர்கள் இந்த இரண்டாவது கேள்வியை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். போராட்டம் வெற்றி பெற எது தேவையோ அதுவேதான் சட்டப் பாதுகாப்புக்கும் தேவை. தெருவில் போகிறவர் ஐந்து விநாடியில் புரிந்துகொண்டால் நீதிபதிக்கும் புரியும். நீங்கள் ஒரு பக்கம் விளக்கம் அச்சடித்துக் கொடுத்தால்தான் புரியும் என்றால் அந்த அடையாளம் வேலைக்கு ஆகாது.

பேச்சு என்று ஏற்றுக்கொண்டாலும் எல்லை உண்டு. ராணுவ அழைப்பு அட்டையை நீதிமன்றப் படிக்கட்டில் எரித்த ஓபிரையன் 1968-ல் தோற்றார். அட்டையைப் பாதுகாப்பதில் அரசுக்குப் பேச்சோடு சம்பந்தமில்லாத தேவை இருக்கிறது என்றது தீர்ப்பு. இடம், நேரம், முறை பற்றிய நியாயமான கட்டுப்பாடுகளும் செல்லும். நடைபாதையை அடைத்துப் படுத்தால், துப்பாக்கியைப் பற்றிய உங்கள் கருத்துக்காக யாரும் கைது செய்ய மாட்டார்கள். வழி மறித்ததற்காகச் செய்வார்கள்.

துப்பாக்கியையே அடையாளமாகத் தூக்கினால்? 'துப்பாக்கி வைத்திருப்பதே பேச்சு' என்ற வாதம் பெரும்பாலும் எடுபடவில்லை. கலிஃபோர்னியாவின் அலமீடா கவுண்டி தன் நிலத்தில் துப்பாக்கி வைத்திருக்கத் தடை போட்டதை எதிர்த்த நோர்டைக் வழக்கில், 2003-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

ஆனாலும் துப்பாக்கியையே அடையாளமாக்கிய போராட்டங்கள் உண்டு. 1967 மே 2 அன்று பிளாக் பாந்தர் கட்சியினர் சுமார் 30 பேர் நிரப்பிய துப்பாக்கிகளோடு சாக்ரமென்டோவில் உள்ள கலிஃபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் போனார்கள். பொது இடத்தில் நிரப்பிய துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் மசோதாவை எதிர்த்து பாபி சீல் அறிக்கை படித்தார். அன்றைய சட்டப்படி துப்பாக்கி தூக்கி வந்தது குற்றமாக இல்லை. அந்தக் காட்சி மசோதாவை இன்னும் வேகமாக நிறைவேற வைத்தது. ஆளுநர் ரொனால்ட் ரீகன் ஜூலையிலேயே கையெழுத்திட்டார்.

டெக்சஸில் 2013, 2014-ல் நடந்தது இன்னொரு பாடம். அப்போது கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி மாட்டிச் செல்லத் தடை. நீளமான ரைஃபிளுக்கு அந்தத் தடை இல்லை. இந்த முரணைக் காட்ட, திறந்த கேரி கேட்பவர்கள் தோளில் ரைஃபிளை மாட்டிக்கொண்டு உணவகங்களுக்குப் போனார்கள். தர்க்கம் சரி. சாப்பிட வந்த குடும்பங்கள் கண்டது தர்க்கத்தை இல்லை, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ரைஃபிளை. 2014 மே மாதத்தில் சிபோட்லே உணவகம் துப்பாக்கியோடு வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. துப்பாக்கி உரிமையின் பெரிய சங்கமான என்.ஆர்.ஏ.கூட இதை விசித்திரம் என்று எழுதிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. ஆனால் அவர்கள் கேட்ட சட்டம் 2016 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நடத்துவதாக இருந்தால்

பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் சட்டத்தைப் படியுங்கள், செய்தித்தாளில் வந்த சுருக்கத்தை இல்லை. எந்த இடத்தில் அனுமதி, எதற்குத் தடை, வயது என்ன, அறிவிப்புப் பலகை எப்படி இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லும். டெக்சஸில் ஒரு கடைக்காரர் மறைத்து வைத்த துப்பாக்கியைத் தடுக்க 30.06 என்ற பிரிவின்படி பலகை மாட்டுவார். ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், குறைந்தது ஒரு அங்குல உயர எழுத்தில், பின்னணியோடு தெளிவாக வேறுபடும் நிறத்தில் இருக்க வேண்டும். வெளியே தெரியும் துப்பாக்கிக்கு 30.07 என்று தனிப் பலகை. இந்த நுணுக்கங்களுக்குள்தான் அடையாளம் ஒளிந்திருக்கும். ஒரு அங்குல எழுத்துப் பலகை இல்லாத வாசல் துப்பாக்கிக்குத் திறந்த வாசல் என்பதை அதே அளவு எழுத்தில் எழுதிக் கழுத்தில் மாட்டினாலே ஒரு போராட்டம் தயார்.

பொருள் கையை அடைக்கக் கூடாது. நாள் முழுக்க வகுப்புக்குப் போய்வர வேண்டும், எழுத வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். கால் கிலோவுக்கு மேல் எடை இருந்தால் மதியத்துக்குள் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார்கள். பைக்குள் போன அடையாளம் இல்லாத அடையாளம். ஒரே ஜிப் டை போட்டால் பொருள் சுழன்று நழுவும். மேலும் கீழுமாக இரண்டு போடுங்கள், மிச்ச வாலை வெட்டிவிடுங்கள். வருகிறவர்கள் எண்ணிக்கையைவிடக் கால்பங்கு கூடுதலாகப் பொருள் வைத்திருங்கள். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் சேர்ந்துகொள்வது அந்தக் கூடுதலால்தான்.

படுத்துக் கிடக்கும் போராட்டம் என்றால் ஆளுக்கு இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் கணக்கிடுங்கள். 32 பேருக்கு இடையில் நடைவழியும் சேர்த்து நூறு சதுர மீட்டர் இடம் வேண்டும். கோடையில் டெக்சஸ் கான்கிரீட் தோலைச் சுட்டுவிடும். காலையிலோ நிழலிலோ வையுங்கள். நேரம் பார்க்க ஒருவர் நிற்கவேண்டும், அவர் படுக்கக் கூடாது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே மாதிரியான ஒலி, ஒரு மணியோ விசிலோ போதும். மூன்று நிமிடம் என்பது நின்று பார்ப்பவருக்கு மிக நீளமான நேரம். பேச்சு, பாட்டு எதையும் அதற்குள் நுழைக்காதீர்கள். ஆம்புலன்ஸ் போகும் பாதையை முதலிலேயே சாக்பீஸால் கோடு போட்டு விட்டுவிடுங்கள்.

அம்பது பேருக்கு ஒரு தொண்டர் வீதம் தனி நிறச் சட்டையில் நிற்கட்டும். எதிர்ப்பாளர் வம்புக்கு வந்தால் அந்தத் தொண்டர் மட்டுமே பேசுவார் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். செய்தியாளரிடம் பேச இருவர் போதும். இருவருக்கும் சட்டத்தின் எண், அமலான நாள், உங்கள் கோரிக்கை என்ற மூன்றும் நாவில் இருக்க வேண்டும். அமைப்பாளரின் பெயர் வெளியே போனால் மிரட்டல் வரும். இந்த விஷயத்தில் எதிர்த்தரப்பில் ஆயுதம் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள் என்பதால் அதை வெறும் வசை என்று தள்ளக் கூடாது. ஒவ்வொன்றையும் தேதியோடு படமெடுத்துச் சேமித்துக் காவல்துறையிடம் கொடுங்கள். வீட்டு முகவரி, பெற்றோர் பெயர் போன்றவற்றைச் சமூக வலைதளங்களிலிருந்து ஒரு மாதம் முன்பே நீக்கிவிடுங்கள்.

எங்கே தவறிப்போகும்

துப்பாக்கி மாதிரியைக் கொண்டுவராதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அமெரிக்காவில் விளையாட்டுத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்கவேண்டும் என்று 1988 முதல் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. அந்த நிறம் உடையும், உதிரும், தூரத்திலிருந்து தெரியாது. 2014 நவம்பர் 22 அன்று கிளீவ்லாந்து நகரத்தில் 12 வயது டமீர் ரைஸ், விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருந்ததற்காகப் போலீஸ்காரரால் சுடப்பட்டான், மறுநாள் இறந்தான். கார் வந்து நின்று இரண்டு விநாடிக்குள் குண்டு பாய்ந்துவிட்டது. அந்த இரண்டு விநாடியில் உங்கள் பதாகையை யாரும் படிக்கப்போவதில்லை.

நடிப்புக் கொலையும் வேண்டாம். 2015 டிசம்பர் 12 அன்று துப்பாக்கி உரிமைக் குழுவினர் ஆஸ்டின் வளாகத்தை ஒட்டிய தெருவில் அட்டைத் துப்பாக்கியும் போலி ரத்தமும் வைத்துப் படுகொலைக் காட்சி நடத்தினார்கள். வளாகத்துக்குள் பல்கலைக்கழகம் அனுமதிக்கவில்லை. எதிர்த்தரப்பினர் வந்து வாயு பிரியும் ஓசையை எழுப்பி அதைச் சிரிப்பாக்கிவிட்டார்கள். அது போகட்டும். உண்மையிலேயே சுடப்பட்டுப் பிழைத்தவர் ஒருவர் அந்தத் தெருவில் நடந்து வந்தால் அவருக்கு என்ன ஆகும் என்று யோசித்தாலே, எந்தத் தரப்புக்கும் அந்த வடிவம் ஆகாது என்பது விளங்கும்.

சிரிப்பும் வாதத்தை விழுங்கிவிடும். ஆஸ்டின் போராட்டத்துக்கு இருந்த பெரிய ஆபத்து அதுதான். பொம்மையைப் படமெடுத்தவர்கள் எல்லோரும் எஸ்.பி. 11 என்று எழுதவில்லை. பொம்மைக்குப் பக்கத்திலேயே சட்டத்தின் எண்ணும் 500 டாலர் அபராதமும் எழுதிய அட்டை ஒன்று தொங்கியிருக்க வேண்டும். படத்தை எப்படி வெட்டினாலும் அது கூடவே வரும். அதோடு, ஆபாசத்தைக் கருவியாக்கும்போது அதைக் காண விரும்பாதவர்களும் அருகில் இருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் வளாகம் சுற்றிப் பார்க்க வரும் நாள், வழிபாட்டு இடத்தின் வாசல் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

டெக்சஸின் அரசுப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. நண்பரின் கைத்துப்பாக்கியை 'ஒரு நிமிஷம் பிடி' என்றால்கூட வாங்காதீர்கள். கருத்துச் சொல்லும் உரிமை உங்களுக்கும் உண்டு. ஆனால் கைது ஒன்று பதிவானால், வழக்கு தள்ளுபடியானாலும், விசா விஷயத்தில் அது திரும்ப எழுந்து வரும். அனுமதி பெற்ற இடத்தில், வழி மறிக்காத வடிவத்தில் மட்டும் சேருங்கள். வளாகத்தின் திறந்தவெளிகளில் யாரும் கருத்துச் சொல்லலாம் என்று டெக்சஸ் 2019-ல் சட்டம் போட்டது, 2025-ல் அதையே இறுக்கியது. போன வருடம் நடந்த மாதிரியே இந்த வருடமும் நடத்தலாம் என்று இறங்காமல், மாணவர் விதிப் புத்தகத்தின் புதிய பதிப்பை எடுத்துப் பாருங்கள்.

எஸ்.பி. 11 இன்னும் அமலில்தான் இருக்கிறது. 4,000 பொம்மைகள் அதை அசைக்கவில்லை. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயதானவர் லைசென்ஸே இல்லாமல் பொது இடத்தில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. ஆனால் பல்கலைக்கழக வளாகத்துக்கு அந்தத் தளர்வு கிடையாது. அங்கே இன்றும் லைசென்ஸ் வேண்டும், துப்பாக்கி மறைந்தே இருக்க வேண்டும். நடைபாதை முடிந்து வளாகம் தொடங்கும் இடத்தில் வேலியோ கதவோ இருக்காது. அந்த எல்லையில் ஒரு வண்ண நாடாவை நீளவாக்கில் ஒட்டிவைத்து, இந்தப் பக்கம் என்ன சட்டம், அந்தப் பக்கம் என்ன சட்டம் என்று இரண்டு வரி எழுதி வைத்தால், தாண்டிப்போகும் ஒவ்வொருவரும் ஒரு கணம் குனிந்து பார்ப்பார்கள்.